பெயர் எழுதாத மாத்திரைக் கவர்

தம்பி,

சனிக்கிழமை மத்தியானம் நீ வாட்ஸப்பில் அனுப்பிய போட்டோவைக் கடையில் வைத்துத்தான் பார்த்தேன். இலுப்பூரில் சந்தைக்கு வந்த கூட்டமெல்லாம் திரும்பும் நேரம். நம் மெடிக்கல் வாசலில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். கோயம்புத்தூர் டாக்டர் உனக்கு எழுதிக் கொடுத்த சீட்டு அது. வழக்கமான மனச்சோர்வு மாத்திரைக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. அதோடு நீ எழுதியிருந்தாய்: "அப்பா, பதற்றத்துக்குன்னு இன்னொரு மாத்திரை சேத்திருக்காரு. நாலு வாரத்துக்குத்தானாம். முன்னாடி எப்பவாச்சும் இதப் போட்டிருக்கியான்னு கேட்டாரு, இல்லைன்னுட்டேன். எனக்குத்தான் வலிப்பு இருக்கே, இதப் போடலாமாப்பா?"

"போடலாம்" என்று அடித்தேன். அழித்தேன். "வேணாம்" என்று அடித்தேன். அதையும் அழித்தேன். "ஏங்க, மருந்தக் குடுங்க, பஸ்ஸு போயிரும்" என்று ஒரு பெண் சத்தம் போட்டாள். அவளை அனுப்பிவிட்டு உனக்குப் போன் செய்து, "இன்னும் ஆரம்பிக்காத தம்பி, ரெண்டு நாள் பொறு, விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். நீயும் "சரிப்பா" என்றாய். நான் விசாரிக்க அதில் ஒன்றும் இல்லை. அந்த மாத்திரையை எனக்கு நன்றாகத் தெரியும். உனக்கும் தெரிந்த மாத்திரைதான் அது, நீ அறியாமல். இதே மாத்திரையை நீ ஏழு மாதம் சாப்பிட்டிருக்கிறாய். நான்தான் கொடுத்தேன். சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்தேன்.

இதைப் போனில் சொல்ல என்னால் ஆகாது. நாம் போனில் பேசினால் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்", "அங்கிட்டு மழையா" என்று மூன்று கேள்வியில் முடித்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். எழுத ஆரம்பித்து இது மூன்றாவது தாள். முதல் இரண்டிலும் என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளும் வேலையே அதிகம் நடந்திருந்தது, கிழித்துவிட்டேன். அந்த மாத்திரையின் பெயரை இதில் எழுதப்போவதில்லை. இந்தக் கடிதம் நாலு பேர் கைக்குப் போனால் படித்துவிட்டு என் கடைக்கே வந்து பேரைச் சொல்லிக் கேட்பார்கள், நம் ஊரைப் பற்றி எனக்குத் தெரியாதா. உன் சீட்டில் இருக்கிறது, பார்த்துக்கொள்.

முதலில் என் புத்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருடமாகக் கடை. டி.பார்ம் படித்துவிட்டு உட்கார்ந்தவன். ஆனால் ஊரில் என்னைக் கூப்பிடுவது "டாக்டரே" என்று. கேலிக்குத்தான் ஆரம்பித்தார்கள், போகப் போக நானே அதை நம்பிவிட்டேன். காய்ச்சல், சளி, உடம்பு வலி என்று வருகிறவர்கள் டாக்டரிடம் போவதில்லை. "ஒரு செட்டு குடுங்க" என்பார்கள். நாலு அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரியால் வெட்டி எடுத்து, சின்னக் காகிதக் கவரில் போட்டு, காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் போதும். வெட்டிய துண்டில் பெயர் இருக்காது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். மறுநாள் வந்து "நல்லாக் கேட்டுச்சுங்க" என்று சொன்னால் எனக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம். வராதவர்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

நீ எட்டாவது படிக்கும்போது ஆறு நாள் காய்ச்சலில் கிடந்தாய், நினைவிருக்கிறதா? ஆறு நாளும் என் செட்டுதான். ஏழாவது நாள் உன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உன்னைத் தூக்கி ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். டைபாய்டு என்றார்கள். "இன்னும் ரெண்டு நாள் வச்சிருந்தா என்னாயிருக்கும்?" என்று நர்ஸ் கேட்டதை அவள் வீட்டுக்கு வந்து அப்படியே திருப்பிச் சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது. "நானும் அதைத்தான் சந்தேகப்பட்டேன்" என்று ஒரு பொய் சொன்னேன். அன்றைக்கே திருந்தியிருக்க வேண்டிய ஆள் நான்.

பிறகு நீ சென்னையில் வேலையை விட்டுவிட்டு வந்து அந்த நடு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்த நாட்கள். குளிக்கவில்லை, சவரம் செய்யவில்லை, கேட்டால் பதில் இல்லை. இரண்டு மாதம் டானிக் ஊற்றிப் பார்த்தேன். மனச்சோர்வு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மெடிக்கல்காரன் மகனுக்கு மனநோய் என்றால் ஊர் சிரிக்கும் என்பதுதான் எனக்கு முன்னால் நின்றது. புதுக்கோட்டையில் பார்த்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று விராலிமலை வழியாகத் திருச்சிக்குக் கூட்டிப்போனேன். அந்த டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். ஒரு மாத்திரை எழுதினார். "இது வேலை செய்ய மூணு நாலு வாரம் ஆகும், பொறுமையா இருக்கணும்" என்றார். வெளியே வந்ததும் நீ என்னிடம் கேட்டாய்: "அப்பா, மாத்திரை போடுற அளவுக்கு எனக்கு முத்திப்போச்சா?" அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் கெடுத்தது. கெடுத்தது கேள்வி இல்லை. அதைக் கேட்டுப் பயந்த நான்.

பத்து நாளில் உனக்குப் பதற்றம் கூடிப்போயிற்று. கை நடுங்கியது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தாய். மறுபடி திருச்சிக்குப் போனோம். உன்னைப் பார்த்துப் பேசிய பிறகு டாக்டரம்மா மருந்தை விளக்க ஆரம்பித்தபோது நான் குறுக்கே புகுந்து, "நீ வெளிய உக்காரு தம்பி, நான் கேட்டுக்கிறேன்" என்றேன். நீ எழுந்து போனாய். உன் உடம்பைப் பற்றி, உன் மருந்தைப் பற்றி, நீ இல்லாமல் நாங்கள் இரண்டு பேர் பேசினோம். அவர் சொன்னது இன்றைக்கும் எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. முதல் மாத்திரை பிடிக்கும்வரை தாக்குப்பிடிப்பதற்காகப் பதற்றத்துக்கு ஒன்றைச் சேர்க்கிறேன், மூன்று வாரம் மட்டும், பிறகு என்னிடம் வாருங்கள், நானே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடுவேன், நீங்களாக நிறுத்தக்கூடாது, நீங்களாகத் தொடரவும் கூடாது. தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்ற நினைப்பில் ஆட்டினேன்.

இரண்டாவது மாத்திரை சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தால், நோய் இன்னும் முற்றிவிட்டது என்று நீ நொறுங்கிப்போவாய் என்று நினைத்தேன். அதனால் இரண்டையும் வெட்டி நம் கடைக் கவரில் போட்டேன். "பெருசு டாக்டர் குடுத்தது, சின்னது சத்து மாத்திரை" என்றேன். நீ நம்பினாய். அப்பா மெடிக்கல்காரர், நம்பாமல் என்ன செய்வாய்?

மூன்றாம் நாள் நீ எழுந்து குளித்துவிட்டு வந்து, "அம்மா, பசிக்குது" என்றாய். உன் அம்மா அடுப்படியிலேயே அழுதாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியில் சித்தன்னவாசல் போனோம். பாறையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேலே சமணர் படுக்கை இருக்கிற ஏழடிப்பாட்டம் வரை நீ ஏறினாய், நான் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து என்னைப் பார்த்து, "என்னங்கப்பா, ஊருக்கெல்லாம் சத்து மாத்திரை குடுக்குறீங்க, நீங்க போடலையா?" என்று கேட்டுச் சிரித்தாய். மாதக் கணக்கில் கேட்காத சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்கு அந்தச் சின்ன மாத்திரையால் வந்ததாகப் பட்டது. முதல் மாத்திரை உள்ளே மெதுவாக வேலை செய்துகொண்டிருந்தது, அது என் கண்ணுக்குத் தெரியவில்லை. போட்ட ஒரு மணி நேரத்தில் தெரிவதைத்தான் நான் மருந்து என்று நினைப்பவன்.

மூன்று வாரம் முடிந்தது. திருச்சிக்குப் போகவில்லை. நன்றாக இருக்கிறவனை எதற்கு மறுபடி அங்கே கூட்டிப்போவது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். கடையில் மருந்து இருக்கிறது, பழைய சீட்டு இருக்கிறது, என்னை யார் கேட்பது? நடுவில் ஒரு நாள் நானாகவே அதை நிறுத்திப் பார்த்தேன். மறுநாள் சாயங்காலமே உனக்குக் கை நடுங்கியது. பயந்துபோய் மறுபடி போட்டேன். கொஞ்ச நாளில் அரை மாத்திரை ஒன்றாயிற்று. உடம்பு அதற்குப் பழகிவிட்டது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். படித்தவன் எனக்கு அது தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்வதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை தம்பி. தெரிந்துதான் செய்தேன்.

ஏழாவது மாதம் உன் மாமா துபாயில் ஏசி மெக்கானிக் வேலைக்கு விசா அனுப்பினார். நீ துள்ளினாய். பெட்டி கட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மாத்திரையை டாக்டர் கடிதம், உரிய அனுமதி எதுவும் இல்லாமல் அந்த நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது. பிடித்தால் பெரிய தொல்லை. கடிதம் வாங்க வேண்டுமென்றால் திருச்சிக்குப் போய், ஏழு மாதமாக நானே கொடுத்தேன் என்று அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு முகம் இல்லை. உன் பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்கலாம். ஒரு மாதம் தள்ளிப்போட்டு மெதுவாகக் குறைத்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். ஆனால் உன் மாமாவிடம் காரணம் சொல்ல வேண்டுமே.

அதனால் நீ கிளம்புவதற்கு முந்தின நாள் கடையில் உட்கார்ந்து கவர் கவராகப் போட்டேன். பெரிய மாத்திரை அப்படியே. சின்ன மாத்திரைக்குப் பதில், நிஜமாகவே ஒரு பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை. ஏழு மாதம் பொய்யாக இருந்த சத்து மாத்திரையை ஒரே நாளில் நிஜமாக்கிவிட்டேன். நீ கவரைப் பார்த்துவிட்டு, "இது வேற மாதிரி இருக்கேப்பா" என்றாய். "வேற கம்பெனி தம்பி, மருந்து ஒண்ணுதான்" என்றேன். ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்கிற வசனம் அது. நாக்கு தானாகவே சொன்னது.

திருச்சி ஏர்போர்ட்டில் உன்னை வழியனுப்பிவிட்டுத் திரும்பினேன். அங்கே போய் இரண்டாம் நாள் நீ பேசினாய். "தூக்கமே வரலப்பா, ஒடம்பெல்லாம் உதறுது." "புது எடம், தண்ணி ஒத்துக்கலை, பழகிரும்" என்றேன். மூன்றாம் நாள், "என்னமோ மாதிரி இருக்குப்பா, சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போடுது" என்றாய். "வெந்நீர் குடி" என்றேன். இப்போது நினைத்தால் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்போதே மாமாவிடம் சொல்லி உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாம். ஐந்தாம் நாள் சாப்பிடும் இடத்தில் தட்டோடு விழுந்தாய். வலிப்பு.

ஆஸ்பத்திரியில் என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். நீ என் கவரைக் காட்டியிருக்கிறாய். அதில் இரண்டு கோடு இருந்தது, பெயர் இல்லை. மாமா எனக்குப் போன் செய்தார். "மச்சான், டாக்டர் கேக்குறாரு, என்ன மாத்திரை குடுத்து விட்டீங்க?" நான் முதல் மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டு, "இன்னொண்ணு சத்து மாத்திரைதான் மாப்ளே" என்றேன். அந்த நிமிடத்தில் அது உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு கேவலம் பார். அங்கே உனக்கு வலிப்பு நோய் என்று எழுதினார்கள். ஏறி நின்று செய்யும் வேலைக்கு ஆகாது என்று ஒரு மாதத்துக்குள் திருப்பி அனுப்பினார்கள். ஏர்போர்ட்டில் நீ பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது என்னைப் பார்த்து முதலில் சொன்னது, "மன்னிச்சிருங்கப்பா" என்பது. நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். நான் வாங்கிக்கொண்டேன்.

இரண்டரை வருடம் ஆகிவிட்டது. மதுரையில் பார்த்த டாக்டர் எழுதிய வலிப்பு மாத்திரையைச் சாப்பிடுகிறாய். வண்டி ஓட்டுவதில்லை, குளத்தில் இறங்குவதில்லை, மாடிக்குப் போனால் ஓரமாக நிற்பதில்லை. மறுபடி ஒரு தடவைகூட உனக்கு வரவில்லை. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி ஆபீஸில் வேலை தேடிக்கொண்டாய். போன வருடம் மனது மறுபடி இருட்டியபோது, என்னைக் கேட்காமல் நீயாகவே ஒரு டாக்டரிடம் போனாய். நீ செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். அவர் பழைய மருந்து என்ன என்று கேட்டு, நீ எனக்குப் போன் செய்தாய். அப்போதும் ஒரு பெயரைத்தான் சொன்னேன்.

தேன்மொழி விஷயம் எனக்கு உன் அம்மா மூலமாகத்தான் தெரியும். உன் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண், திருமயத்துக்காரர்கள், இரண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது என்று அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். அடுத்த மாதமே நீ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி, வேண்டாம் என்று விலகிவிட்டாய் என்றும் சொன்னாள். "வலிப்ப வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு வாழ்க்கையக் கெடுக்க மாட்டேம்மா" என்றாயாம். அம்மா அதைச் சொல்லும்போது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்ணின் அப்பா இரண்டு மாதத்துக்கு முன் நம் கடைக்கு வந்தார். முதலில் தைலம் கேட்டார். வாங்கிக்கொண்டும் நகரவில்லை. கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு, இன்னார் என்று சொன்னார். "ஒங்க மகன் மறைக்காமச் சொன்னாராம். இந்தக் காலத்துல யாருங்க சொல்றா? அதுக்காகவே ஒரு தடவ நேர்ல கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். சின்ன வயசுலேருந்தே வருமாங்க? வேற எதுனாலயாச்சும் வந்திருக்குமா? நீங்க மருந்துக் கடை வச்சிருக்கீங்க, ஒங்களுக்குத் தெரியாததா?" என்று கேட்டார். மகளைப் பெற்றவர், கதவைச் சாத்தாமல் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார். என் கையில் ஒரு அட்டை இருந்தது. அதை வெட்டிக்கொண்டே, "ஒரே ஒரு தடவதாங்க. என்ன காரணம்னு சொல்ல முடியலைன்னுட்டாங்க" என்றேன். அவர் தைலத்தைப் பையில் போட்டுக்கொண்டார். "சரிங்க, அப்ப வாரேன்" என்று போய்விட்டார். வேண்டிய மாத்திரைகளையும் தாண்டி அட்டை முழுவதையும் துண்டு துண்டாக வெட்டியிருந்தேன், அவர் போன பிறகுதான் கவனித்தேன்.

இப்போது உன் டாக்டர் அதே மாத்திரையை எழுதியிருக்கிறார். நீ முன்பு சாப்பிட்டதே இல்லை என்று நினைத்து எழுதியிருக்கிறார். நான் "போடலாம்" என்று ஒரு வார்த்தை அனுப்பியிருந்தால் போட்டிருப்பாய். இதற்கு மேலும் என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அம்மாவை உட்காரவைத்துச் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "ஏர்போர்ட்ல அவன் ஒங்ககிட்ட மன்னிப்புக் கேட்டான். நானும் பக்கத்துலதான நின்னேன்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் திங்கட்கிழமை அவளுடைய சர்க்கரை மாத்திரையை வாங்க, என் கடையைத் தாண்டி நடந்து போய் அடுத்த கடையில் வாங்கினாள். பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பார்க்க. "என்ன டாக்டரே, வீட்டம்மா அங்கிட்டுப் போறாக?" என்று டீக்கடையில் கேட்டார்கள். சரியான இடத்துக்குத்தான் போகிறாள் என்று சொன்னேன். கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை திருச்சிக்குப் போனேன். அதே டாக்டரம்மா. பேரைச் சொன்னதும் பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். "எத்தனை மாசம்?" என்றார். "ஏழு." "நீங்க மெடிக்கல் ஷாப் வச்சிருக்கீங்கன்னு எழுதியிருக்கேன். எத்தனை வருஷமா?" "இருபத்தெட்டு வருஷமாங்க." பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் பேசினார். அவ்வளவு நாள் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உனக்கு வந்தது அதனாலேயே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் அதைப் பரிசோதனை செய்து உன்னைப் பார்க்கிற டாக்டர்கள்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றார். "வலிப்பு நோய்னு பேர் வைக்கிறதுக்கு முன்னாடி இது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். இப்ப போய் வலிப்பு மாத்திரைய நிறுத்துன்னு சொல்லிராதீங்க. போடு, நிறுத்துன்னு நீங்க ஒண்ணுமே சொல்ல வேணாம். நடந்தத முழுசா ஒங்க பையன அவனோட டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க" என்றார்.

எழுந்திருக்கும்போது, "அந்த மாத்திரையே பொல்லாதது போலங்க" என்றேன். அப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. "மாத்திரை மேல பழியப் போடாதீங்க. மூணு வாரத்துக்குன்னு நான் சேத்தேன். மூணு வாரமும் அது ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. ஒங்க பையன் சாப்பிட்டான், தூங்கினான், முதல் மாத்திரை பிடிச்சுது. அதுக்கப்புறம் நடந்ததுக்கு மாத்திரை என்ன செய்யும்?" உன் டாக்டருக்கு அவரே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மருந்தின் பெயர், அளவு, நான் கொடுத்த மாதங்கள், நிறுத்திய விதம் எல்லாம் அதில் இருக்கிறது.

ஆகவே தம்பி, அந்தப் புது மாத்திரையைப் போடலாமா என்று கேட்டாயே, அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. உன் டாக்டரிடம் இதைக் காட்டிக் கேள். அவர் போடலாம் என்றால் பயப்படாமல் போடு. ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்தால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அதை அன்றைக்கே உன்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் உனக்கு ஒன்றும் ஆகியிருக்காது, நீ நான் நினைத்ததைவிடத் தைரியசாலி. எத்தனை வாரம், எப்படிக் குறைப்பது, யார் குறைப்பது என்பதை நீயே கேட்டுத் தெரிந்துகொள். அட்டையோடு வாங்கு. பெயரைப் படி. எவ்வளவு வேண்டியவன் கொடுத்தாலும், பெயர் தெரியாத எதையும் வாயில் போடாதே. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதற்கு உடம்புக்கு வந்தால், அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் பேசு. எனக்கு இதைச் சொல்லும் யோக்கியதை இல்லை. ஆனாலும் உன்னிடம் சொல்ல என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

நேற்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் புதுக்கோட்டை போனேன். பஸ் ஸ்டாண்டில் திருமயம் பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்தேன். தேன்மொழியின் அப்பாவைப் பார்த்து, "அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் பொய் சொன்னேங்க. என் மகனுக்கு அது நோயா இல்லாமலே இருக்கலாம். நான் செஞ்சதுனால வந்திருக்கலாம்" என்று சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் ஏறினேன். வண்டி கிளம்பியது. கண்டக்டர் பக்கத்தில் வந்து "எங்கிட்டுங்க?" என்று கேட்டபோதுதான் எனக்குப் பளிச்சென்றது. மறுபடியும் உன்னைக் கேட்காமல் உனக்கு நல்லது செய்யக் கிளம்பிவிட்டேன். "நிப்பாட்டுங்க, எறங்கிக்கிறேன்" என்றேன். "ஏறுறதும் எறங்குறதும், என்னாங்க பெரியவரே" என்று கண்டக்டர் சலித்துக்கொண்டே விசில் ஊதினார். மார்க்கெட் பக்கம் இறங்கி, வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரை திரும்பி நடந்தேன்.

இது உன் உடம்பு, உன் சேதி. அந்தப் பெண்ணிடம் சொல்வதா, எப்போது சொல்வது, டாக்டர் முடிவு சொன்ன பிறகா என்பதெல்லாம் உன் இஷ்டம். நீ போகச் சொன்னால் அன்றைக்கே திருமயம் போய் அந்த மனிதர் முன்னால் நின்று சொல்கிறேன். மாமாவிடம் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றால் வாயைத் திறக்க மாட்டேன்.

படித்து முடித்ததும் உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் செய். திட்டத் தோன்றினால் திட்டு. கொஞ்ச நாள் என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் அம்மாவிடம் மட்டும் பேசு, நான் பக்கத்தில் நின்று போனை வாங்க மாட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உன் குணம் எனக்குத் தெரியும், உடனே போன் செய்து "பரவாயில்லைப்பா, விடுங்க" என்று சொல்லிவிடுவாய். அப்படிச் சொல்லாதே. சொன்னால் எனக்கு நிம்மதியாகிவிடும், அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நம்பிவிடுவேன். நீ நிஜமாகவே அப்படி நினைக்கிற நாள் ஒன்று வந்தால் அப்போது சொல். வராவிட்டாலும் நான் உன்னை ஏன் என்று கேட்க மாட்டேன்.

அப்பா